நான் பட்டினி போட்ட விருந்தாளி

நான் ஓய்வு பெற்ற அன்று விடுதியில் ஒரு தேநீர் விருந்து வைத்தார்கள். பட்டீஸ் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றேன். புதிதாகச் சேர்ந்த வழிகாட்டிகள் இருவர் பக்கத்தில் வந்தார்கள். அவர்களில் ஒருவர் மிகவும் பணிவாகக் கேட்டார்.

"கந்தவனம் அண்ணை, நீங்கள் ஒருக்கா ஒரு கொழும்பு அம்மாவை நாள் முழுக்கப் பட்டினி போட்டனீங்களாம். உண்மையோ?"

பட்டீஸைக் கடிக்காமலே தட்டில் திருப்பி வைத்தேன். பதினைந்து வருடமாகத் திருகோணமலையின் ஒவ்வொரு மூலைக்கும் விருந்தாளிகளை அழைத்துப்போய், ஒருவரையும் தொலைக்காமல் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்த மனிதன் நான். புறாமலைத் தீவில் கடற்பூச்சி குத்தியவர்களைத் தோளில் சுமந்திருக்கிறேன். கோணேசர் மலையில் தலை சுற்றியவர்களை இடுப்பில் பிடித்திருக்கிறேன். அதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. எல்லோரும் கேட்பது இந்த ஒரு நாளைத்தான். அதையும் பிழையாகக் கேட்கிறார்கள். அந்த அம்மா அன்றைக்கு இரண்டு இடத்தில் வயிறாரச் சாப்பிட்டார். பட்டினி கிடந்தவன் நான். இதைத் திருத்தி எழுதிவைத்துவிட்டால் நிம்மதியாக வீட்டில் இருப்பேன்.

தொழிலுக்கு நான் எப்படி வந்தேன் என்பது பெரிய கதையில்லை. மூதூருக்குப் போகும் லாஞ்சிப் படகில் சில வருடங்கள் டிக்கெட் கிழித்தேன். லாஞ்சியில் வந்த வெளியூர்க்காரர்களுக்குக் கேட்டதும் கேட்காததும் சொல்லிக்கொண்டே வருவேன். "இவ்வளவு கதைக்கிற ஆள் எங்கட விடுதிக்கு வேணும்" என்று ஒரு நாள் ஒருவர் சொன்னார். அவர்தான் மனேஜர் அருமைநாயகம் ஐயா.

அவரைப் பற்றிக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லத்தான் வேண்டும். வெள்ளைக்காரக் கடற்படை இங்கே இருந்த காலத்தில் அதிகாரிகளின் சாப்பாட்டு மண்டபத்தில் வேலை பார்த்தவர். வெள்ளைக்காரர் கப்பலேறிப் போய்விட்டார்கள். ஆனால் அவர்களுடைய சூப்பும், பொரித்த மீன் துண்டும், கரமல் புடிங்கும் ஐயாவிடமே தங்கிவிட்டன. எங்கள் குசினியில் வேறொன்றும் சமைக்க விடமாட்டார். "விருந்தாளியின்ர வயிறு எங்கட பொறுப்பு" என்பார். வெளியில் சாப்பிடவும் விடமாட்டார். அவரும் வெளியில் ஒரு வாய் சாப்பிட்டு நான் கண்டதில்லை. வேகாத வெயிலிலும் கோட் போட்டிருப்பார்.

அவர் ஒருவரையும் ஏசியதில்லை. யாராவது பிழைவிட்டால் தன் அலுவலக அறையான கந்தோருக்குள் கூப்பிட்டு, மேசைக்கு முன்னால் இருந்த ஒற்றைக் கதிரையைக் காட்டி, "கதிரையில இருங்கோ" என்பார். அவ்வளவுதான். பிறகு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்பார். நிற்கிறவனுக்கு ஏச்சு விழுந்தால் தலையைக் குனிந்து தப்பலாம். மரியாதையாகக் கதிரையில் இருத்திவைத்துக் கேட்டால் எங்கே போய்த் தப்புவது? எங்கள் சமையற்காரர் உருளைக்கிழங்கு மூட்டையை ஒற்றைக் கையால் தூக்குகிறவர். அவர்கூட அந்தக் கதிரையைக் கண்டால் வியர்த்துப்போவார்.

கந்தோர் வாசலில் ஒரு பலகை தொங்கியது. காலையில் விருந்தாளிகளோடு புறப்படுமுன் அதில் எழுதியிருந்த எட்டுச் சாமானையும் மேசையில் பரப்பிவைக்க வேண்டும்: தண்ணீர்க் கான், தேசிக்காய், குடை, தொப்பி, மருந்துப் பெட்டி, கயிறு, கோயிலுக்குக் கட்ட ஒரு மேலதிகச் சாரம், அவசரத்துக்கு ஒரு பிஸ்கட் டின். ஐயா பென்சிலின் பின்பக்கத்தால் ஒவ்வொன்றையும் தட்டுவார். தண்ணீர்க் கானைத் தட்டும்போது சத்தத்தைக் கேட்டே அது முக்கால்வாசிதான் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார். எட்டும் சரி என்றால் கொப்பியில் ஒரு சரி அடையாளம் விழும். அதன் பிறகுதான் விடுதி வான் வண்டியின் சாவி என் கைக்கு வரும்.

ஒன்பதாவது ஒன்று என்னால் வந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு வெளிநாட்டுக்காரரைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஏழு கிணறு, ஏழு விதமான சூடு. மனிதர் ஒரு துண்டுக் காற்சட்டையோடு வாளி வாளியாக அள்ளி ஊற்றிக்கொண்டு பாட்டுப் பாடினார். அடுத்த கிணற்றடியில் ஒரு குடும்பம் தகப்பனுக்கு முப்பத்தோராம் நாள் கிரியை செய்துவிட்டு அழுதுகொண்டு நின்றது. நான் அவர்களைக் கண்டது பாட்டின் இரண்டாம் அடியில். சாரத்தை எடுத்து அந்த மனிதரின் தலையோடு போர்த்தி இழுத்துக்கொண்டு வந்தேன். அந்தக் குடும்பத்தின் மூத்த மகன் நாங்கள் வானில் ஏறும்வரை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று கதிரையில் இருந்தேன். ஐயா எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு எழுந்துபோய்ப் பலகையில் ஒன்பதாவதாக எழுதினார்: "போகும் ஊரில் இன்று விசேஷம் என்ன?"

அதற்குப் பிறகு எட்டுச் சாமானையும் தட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்து அதைக் கேட்பார். முதல் மாதம் நான் உண்மையாகவே விசாரித்தேன். பஸ் கொண்டக்டரிடம் கேட்டேன், மீன்காரரிடம் கேட்டேன். பிறகு சோம்பல் வந்தது. "ஊரில விசேஷம் என்ன?" என்பார். "ஒண்டுமில்லை ஐயா" என்பேன். சாவி வரும். சுகமாக இருந்தது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். எழுபதுகளின் கடைசி. உப்புவெளிப் பக்கம் பெரிய ஹோட்டல்கள் எழும்பி, எங்கள் விடுதியில் ஆளில்லாத கட்டில்கள் கூடிக்கொண்டு வந்த காலம். கொழும்பிலிருந்த முதலாளி கடிதம் போட்டார். ஒரு பிரயாணக் கம்பனியிலிருந்து ஒரு அம்மா பார்க்க வருவார், அவருக்குப் பிடித்தால் சீசனுக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்களை அனுப்புவார்கள், பிடிக்காவிட்டால் விடுதியை மூடுவதுதான் வழி என்று எழுதியிருந்தார். குசினியில் ஆறு பேர், நான், ஐயா. எட்டுக் குடும்பம் அந்த அம்மாவின் ஒரு சொல்லில் நின்றது.

வந்தவர் மிஸிஸ் ஹில்டா. மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்த, போர்த்துக்கேய வழிவந்த பறங்கி அம்மா. ஐம்பத்தைந்து வயது இருக்கும், நல்ல உயரம், தலையில் பெரிய ஓலைத்தொப்பி. தமிழ் எங்களைவிட நன்றாகக் கதைத்தார்; யாரையும் மகனைப்போல் 'மனே' என்றுதான் கூப்பிடுவார். முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் ஐயாவின் சூப்பை இரண்டு கரண்டி குடித்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இது நல்ல சூப்புத்தான். ஆனா இந்தச் சூப்புக் குடிக்க ஆக்கள் திருகோணமலைக்கு வரமாட்டாங்க மனே. நாளைக்கு இந்தக் கரைச் சனம் வீட்டுல என்ன தின்னுதோ அதத்தான் நான் தின்னணும். கடைச்சாப்பாடும் வேணாம்."

ஐயாவின் முகம் சுருங்கியது. நான் முந்திக்கொண்டு வாயைக் கொடுத்தேன்.

"அம்மா, நாளைக்கு உங்களுக்குக் கடல் மீன் எண்டா என்னெண்டு காட்டுறன். சல்லிக்கு அங்கால ஒரு கரைவலைக் குடியிருப்பு. பாக்கியம் அக்கா எண்டு ஒராள். அவ வைக்கிற பாரைக் குழம்பையும் தேங்காய்ப்பால் விட்ட ஓரா மீன் சொதியையும் நீங்கள் சாகும்வரைக்கும் மறக்கமாட்டியள்."

மறுநாள் காலை ஐயா எட்டையும் தட்டினார். பிஸ்கட் டின்னைத் தட்டும்போது, "விருந்துக்குப் போறம் ஐயா, இது என்னத்துக்கு?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஊரில விசேஷம் என்ன?"

"ஒண்டுமில்லை ஐயா."

சாம்பல்தீவுப் பாலம் தாண்டியதும் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். "இனி வழி கேக்கத் தேவையில்லை. கருவாட்டு வாசமே எங்களைக் கூட்டிக்கொண்டு போகும்." கண்ணாடியை இறக்கிவிட்டு இருவரும் மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு போனோம். வாசம் வரவில்லை. காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது என்றேன். குடியிருப்புக்குள் போகும் குறுகிய ஒழுங்கையின் வாசலுக்கு வந்தபோது வேப்பிலையும் மாவிலையும் குறுக்கே தோரணமாகத் தொங்கின. வள்ளங்கள் எல்லாம் கரையில் ஏறிக் கிடந்தன. வலைகளைச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். பெண்கள் மஞ்சள் சேலையோடு முற்றம் தெளித்துக்கொண்டிருந்தார்கள். நான் வானை ஒழுங்கை வாசலிலேயே நிறுத்திவிட்டேன்.

பாக்கியம் அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவருடைய வீட்டில் நான் எத்தனையோ தரம் கை நனைத்திருக்கிறேன். அவருக்கு என் முகத்தைக் கண்டதும் விஷயம் விளங்கிவிட்டது.

"ஐயோ கந்தவனம், இண்டைக்கோ வந்தனீங்கள்? அம்மனுக்குக் காப்புக் கட்டி மூண்டு நாள். இன்னும் ஒரு கிழமைக்கு ஊருக்குள்ள மீன் வராது. மீன் சட்டியெல்லாம் கழுவிச் சாக்கில கட்டிக் கூரையில ஏத்தியாச்சு."

"ஒரு துண்டுக் கருவாடும் இல்லையோ அக்கா?"

"போய் வாயைக் கழுவிப்போட்டு வாங்கோ!"

நான் அசடு வழிய நின்றேன். மிஸிஸ் ஹில்டா தொப்பியைக் கழற்றிவிட்டு, என்னைத் தாண்டி உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்துவிட்டார். அக்கா பானக்கம் கொண்டுவந்தார். புளியும் சர்க்கரையும் ஏலமும் கரைத்த அந்தத் தண்ணீரை அம்மா மூன்று செம்பு குடித்தார். பிறகு தேங்காய்ப்பூப் போட்ட அவல் வந்தது. வாழைப்பழம் வந்தது. எனக்கும் ஒரு தட்டு வந்தது. விருந்தாளி சாப்பிட்டு முடிக்கும்வரை வழிகாட்டி கை வைக்கக்கூடாது என்பது ஐயாவின் சட்டம். அம்மா கடைசி வாயை விழுங்குமுன்னே நான் பதற்றத்தில் எழுந்து, "வாங்கோ அம்மா, நல்ல மீன் கிண்ணியாவில இருக்கு" என்று வானை நோக்கி நடந்துவிட்டேன். அந்த அவல் தட்டை நான் விட்டுவிட்டு வந்ததை நாள் முழுக்க நினைத்து நினைத்து ஏங்கினேன்.

கிண்ணியாவில் சுலைமான் நானா இருந்தார். கடல் நீர் வந்து தேங்கும் களப்பின் ஓரத்தில் வீடு, வீட்டுக்கு முன்னால் தேநீர்க்கடை, லாஞ்சிக் காலத்திலிருந்து என் கூட்டாளி. பட்டணம் திரும்பி, சீனக்குடா வழியாக வானை விரட்டினேன். குடாவின் நீலத்தைப் பார்க்க அம்மா இரண்டு இடத்தில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். பள்ளத்தில் விழும்போதெல்லாம் பின் ஆசனத்தில் பிஸ்கட் டின் கலகலவென்றது.

கிண்ணியாவுக்குப் போக அந்தக் காலத்தில் பாலமில்லை. வாகனத்தை மிதவையில் ஏற்றி அக்கரை சேர்ப்பார்கள். அதை நாங்கள் பாதை என்போம். பாதை நடுத் தண்ணீரில் போகும்போதுதான் பாதைக்காரரைக் கவனித்தேன். சதா வெற்றிலை குதப்பி, தண்ணீரில் சிவப்பாகத் துப்பிக்கொண்டே கயிறு இழுக்கிற மனிதர். அன்றைக்கு அவருடைய வாய் சும்மா இருந்தது. உதடு காய்ந்திருந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். நோன்பு! பிறை கண்டு ஒரு கிழமை ஆகிறது. பட்டணத்துப் பள்ளிவாசலைத் தாண்டித்தான் தினமும் வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். ஊரெல்லாம் எனக்குத் தெரியும் என்று அளந்த எனக்கு இது மூளையில் ஏறவேயில்லை. பாதையை நடுவில் திருப்பவும் ஏலாது.

அக்கரையில் இறங்கியதும் உண்மையைச் சொல்லிவிட்டேன். "அம்மா, பிழை முழுக்க என்ரதான். அங்க காப்பு, இஞ்ச நோன்பு. ரெண்டையும் நான் விசாரிக்கேல்லை. எட்டுக் குடும்பம் உங்களை நம்பி இருக்கு. என்ர பிழைக்கு அவங்களைத் தண்டிச்சுப் போடாதேங்கோ."

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, போகலாம் என்று கையைக் காட்டினார். சுலைமான் நானாவின் கடைக்கு முன்னால் நோன்புக்காக வெள்ளைச் சீலை மறைப்பாகத் தொங்கியது. நானா வெளியில் வந்தார்.

"என்ன கந்தவனம், நோன்போட வந்து நிக்கிறீங்க! பரவால்ல, உள்ளுக்கு வாங்க. வீட்டுல ஆக்கச் சொல்றன். விருந்தாளிக்கு நோன்பு இல்லத்தானே."

"வேணாம் நானா" என்றார் மிஸிஸ் ஹில்டா. "நீங்க எல்லாரும் தின்னாம இருக்கக்குள்ள நான் மட்டும் தின்னுறதோ? பொழுது படுமட்டும் நானும் இருக்கன்."

அவர் அவலும் பானக்கமும் நிரம்பிய வயிற்றோடு அதைச் சொன்னார். நானோ காலையில் ஒரு பிளேன்டீயோடு வந்தவன். விருந்தாளி சாப்பிடாமல் நான் சாப்பிட ஏலாது. நோன்பிருக்கும் வீட்டு வாசலில் டின்னைத் திறக்கவும் மனம் வராது. ஆக அன்றைக்கு அந்தக் களப்போரத்தில் நிய்யத்து என்னும் நோன்பு உறுதி வைக்காமல் நோன்பு பிடித்த ஒரே ஆள் நான்தான்.

பின்னேரம் முழுக்க அம்மா சும்மா இருக்கவில்லை. நானாவிடம் வீச்சுவலை கேட்டார். சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். நானா கண்டல் மர நிழலில் இருந்தபடி, "வலைய இடது தோளுல போடுங்க, ஈயத்தப் பல்லால கடியுங்க, இடுப்பத் திருப்பி வீசுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதல் வீச்சு வலை அம்மாவின் தொப்பிமேல் விழுந்தது. இரண்டாவது என்மேல் விழுந்தது. பத்தாவதோ பதினோராவதோ வட்டமாக விரிந்து விழுந்தது. இழுத்துப் பார்த்தால் உள்ளங்கை அளவில் ஒரே ஒரு திரளி துள்ளியது. நான் வாக்குக் கொடுத்த மீன் அதுதான்.

மஃரிபு என்னும் அந்தித் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை பாயைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து ஆளுக்கொரு பேரீச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவ்வளவு நேரம் ஒரு பழத்தை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. பாங்கு கேட்டது. பழத்தை வாயில் வைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கம், பசி, அந்த வீட்டார்மேல் வந்த அன்பு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. பிறகு தேங்காய்ப்பால் விட்ட நோன்புக் கஞ்சி வந்தது, வடை வந்தது, கடைசியில் சோறும் கறியும் வந்தன. திரளியை நானாவின் மனைவி ஆறு துண்டாக்கியிருந்தார். என் பங்குக்கு வால் வந்தது.

விடுதிக்குத் திரும்பியதும் மிஸிஸ் ஹில்டா தன் அறைக்குப் போய்விட்டார். ஐயா கந்தோரில் இருந்தார்.

"கதிரையில இருங்கோ."

இருந்தேன். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பென்சிலை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"விடிய நான் உங்களிட்ட என்ன கேட்டனான்?"

"ஊரில விசேஷம் என்ன எண்டு கேட்டனீங்கள்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஒண்டுமில்லை எண்டு சொன்னனான்."

"எத்தினை வருஷமா அப்பிடிச் சொல்லுறியள்?"

"பத்துப் பதினொரு வருஷம் இருக்கும் ஐயா."

அவர் கொப்பியின் பழைய பக்கங்களைப் புரட்டினார். "பதினொரு வருஷமா இந்தக் கரையில ஒரு விசேஷமும் நடக்கேல்லையோ கந்தவனம்?"

நான் அந்தக் கதிரையில் எத்தனையோ முறை இருந்திருக்கிறேன். அன்றைக்குப்போல் என்றைக்கும் சுட்டதில்லை.

மறுநாள் காலை அம்மா ஒன்றும் சொல்லாமல் ரயிலேறிவிட்டார். மூன்று கிழமை குசினியில் ஒருவரும் சத்தமாகக் கதைக்கவில்லை. சமையற்காரர் என்னைக் கண்டால் மரக்கறி வெட்டும் வேகத்தைக் கூட்டுவார். பிறகு கடிதம் வந்தது. ஐயா எல்லோரையும் நிறுத்திவைத்து வாசித்தார். அடுத்த மாதம் முதல் பதினான்கு பேர் கொண்ட கூட்டம் ஒன்று வருகிறது, சீசன் முழுக்க வருவார்கள் என்றிருந்தது. குசினியில் ஆறு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். கடைசியில் ஒரு நிபந்தனை: "கந்தவனம் கூட்டிச் செல்லும் ஊர் அன்று எதைச் சாப்பிடுகிறதோ அதையே இவர்களும் சாப்பிட வேண்டும். ஊர் சாப்பிடாமல் இருந்தால் இவர்களும் இருக்கட்டும். சூப் வேண்டாம்." அந்தக் கடைசி இரண்டு சொல்லையும் ஐயா கொஞ்சம் மெதுவாக வாசித்தார்.

கூட்டம் வருவதற்கு முதல் நாள் பின்னேரம் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு சல்லிப் பக்கம் போனேன். பாக்கியம் அக்காவின் வேலியில் சாய்ந்து நின்று, பதினொரு வருடம் கேட்காததைக் கேட்டேன். "அக்கா, நாளைக்கு ஊரில விசேஷம் என்ன?" அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்து, காய்ச்சலோ என்று கேட்டார்; பிறகு விசேஷம் ஒன்றுமில்லை, மீன் இருக்கும் என்றார்.

மறுநாள் காலை ஐயா எட்டையும் தட்டினார்.

"ஊரில விசேஷம் என்ன?"

"ஒண்டுமில்லை ஐயா."

பென்சில் நின்றது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் சாத்தியிருந்த என் சைக்கிளைப் பார்த்தார். இரண்டு சில்லிலும் கடற்கரை மணல் காய்ந்து ஒட்டியிருந்தது. கொப்பியில் சரி போட்டார். சாவியைத் தந்தார். பிறகு கோட்டை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு வானின் முன் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தார். "பதினாலு பேரின்ர வயிறு. நானும் வாறன்" என்றார்.

இந்த முறை சாம்பல்தீவுப் பாலத்திலேயே வாசம் வந்துவிட்டது. பாக்கியம் அக்காவின் முற்றத்தில் பாய்கள் விரித்துக் கிடந்தன. விருந்தாளிகள் சப்பாணி கட்ட முடியாமல் முனகி முனகி உட்கார்ந்தார்கள். பாரைக் குழம்பு வந்தது, ஓராச் சொதி வந்தது, பிட்டு வந்தது. ஐயா மட்டும் கோட்டோடு ஒரு பக்கத்தில் நின்றார். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. உள்ளே போய் வீட்டிலிருந்த ஒரேயொரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து ஐயாவுக்கு முன்னால் வைத்தார்.

"கதிரையில இருங்கோ ஐயா."

ஐயா என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் இருந்தார். மடியில் பீங்கான் தட்டு வந்தது. முதல் வாயைத் தயங்கித் தயங்கி வைத்தார். அதற்குப் பிறகு தயக்கமில்லை. கோட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினார். மூன்றாம் முறை சொதி விட்டபோது அக்கா அகப்பையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவருக்கு முன்னால் நின்று கேட்டார்.

"இவ்வளவு காலமும் உந்த விடுதியில இருக்கிறீங்கள். ஒரு நாளும் இந்தப் பக்கம் வந்து ஒரு வாய் சாப்பிடேல்லை. எங்கட மீனில என்ன பிழை கண்டனீங்கள்?"

ஐயா விரலிலிருந்த சொதியை நக்கினார். நிமிர்ந்து அக்காவைப் பார்க்க ஏலாமல் பீங்கானைப் பார்த்தார்.

"ஒண்டுமில்லை" என்றார்.